சண்டைக் கட்சியும் சாமான் கட்சியும்: ஜேம்ஸ் பாண்டைப் பற்றி மலையில் நடக்கும் வழக்கு

2025 பிப்ரவரியில் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் கடிவாளம் அமேசானின் கைக்குப் போனது. பாண்ட் படங்களில் பங்கு வைத்திருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோவை அந்த நிறுவனம் 2022இலேயே 845 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. ஆனாலும் கதை எது, நாயகன் யார், இயக்குநர் யார் என்ற முடிவுகளை மட்டும், பாண்ட் படங்களைத் தலைமுறையாகத் தயாரித்துவந்த ப்ராக்கோலி குடும்பத்தார் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதுவும் இப்போது கைமாறிவிட்டது. ஜூன் மாதத்தில் அடுத்த படத்தின் இயக்குநராக டெனி வில்னேவின் பெயர் அறிவிக்கப்பட்டது. 1962இல் தொடங்கிய ஒரு படவரிசையின் குடுமி, உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரர்களில் ஒருவரிடம் சிக்கியிருக்கிறது. விற்பவரும் படமெடுப்பவரும் ஒருவரே என்றால் படத்தில் எது மிஞ்சும் என்ற கேள்வி எழுவது இயல்பு.

அந்தக் கேள்வி நீலகிரியிலும் சூடாகத்தான் எழுந்தது. குன்னூர் பெட்ஃபோர்டிலும் ஊட்டி சேரிங் கிராஸிலும் பாண்ட் படங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. வாடகைக் கார் ஓட்டுகிறவர், எஸ்டேட் அலுவலகக் கணக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பொம்மைக் கார் சேர்க்கும் இளைஞர் என்று கலவையான ஆட்கள். ஊட்டியின் அசெம்பிளி ரூம்ஸ் திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் பாதிப் பேர். இவர்கள் நெடுநாளாகவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு பக்கத்தைச் சண்டைக் கட்சி என்றும் மறுபக்கத்தைச் சாமான் கட்சி என்றும் வைத்துக்கொள்வோம்.

சண்டைக் கட்சிக்கு ஆபத்துதான் பாண்ட் படத்தின் உயிர். நிஜ மனிதன் நிஜ உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், நிஜ வண்டி உருள வேண்டும். கடிகாரமும் காரும் பீர் பாட்டிலும் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தன என்பது அவர்கள் வாதம். சாமான் கட்சியோ, படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், வீட்டுக்கு வருவது பொருள்தானே என்று கேட்கும். அமேசான் செய்தி முதல் கட்சிக்கு இழவுச் செய்தி. இரண்டாம் கட்சிக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. மலிவான சரக்கு கொட்டிக் குவிந்தால் தங்கள் அலமாரியின் மதிப்பு என்னாவது என்ற கவலை அவர்களுக்கு.

இருவரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தப் படவரிசையில் சண்டையும் சாமானும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை வெட்டினால் மற்றது பிழைத்திருக்காது. நாம் சண்டை போட வேண்டிய இடம் வேறு: காட்சிக்குள் வந்த பொருள் வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா?

1964இன் ‘கோல்ட்ஃபிங்கரில்’ இருந்து தொடங்கலாம். ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 அந்தப் படத்தில்தான் வந்தது. வண்டி கொடுக்க அந்த நிறுவனம் முதலில் தயங்கியது என்பது இன்று வேடிக்கையாக இருக்கும். படத்தில் அந்தக் கார் என்னவெல்லாம் செய்கிறது? முன்விளக்குப் பக்கத்திலிருந்து துப்பாக்கி நீள்கிறது, பின்னால் குண்டு துளைக்காத தகடு எழுகிறது, நம்பர் பிளேட் சுழல்கிறது, பக்கத்து இருக்கை ஆளோடு கூரை வழியாக வெளியே பறக்கிறது. மறு ஆண்டே, 1965இல், கோர்கி நிறுவனம் 261 என்ற எண்ணில் அதன் பொம்மையை வெளியிட்டது. படத்தில் கார் வெள்ளிச் சாம்பல் நிறம். பொம்மையோ தங்க நிறம். வெள்ளி நிறத்தில் செய்தால் வண்ணம் பூசாமல் விட்ட உலோகம் போல் தெரிந்ததாம். புகைக்குழாயை அழுத்தினால் பின்தகடு எழும். பக்கவாட்டில் ஒரு சிறு விசையைத் தட்டினால் கூரை திறந்து உள்ளிருக்கும் ஆள் தெறித்து விழுவான். அந்த ஆளைத் தொலைக்காத சிறுவன் உலகத்தில் இருந்திருக்க மாட்டான். பல லட்சம் பொம்மைகள் விற்றன.

விற்பனைக்குக் காரணம் பொம்மையின் அழகு மட்டும் இல்லை. எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்கும், அது எப்போது தேவைப்படும் என்பதையெல்லாம் காட்சியே கற்றுக்கொடுத்துவிட்டது. கடையில் பெட்டியைக் கையில் எடுத்த பையனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1977இல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்தின் லோட்டஸ் காரும் அப்படித்தான். கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாகிறது. கோர்கி பொம்மையில் விசையைத் தொட்டால் துடுப்பு விரிகிறது.

இங்கே சாமான் கட்சிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் ஒரு செய்தி உண்டு. 2020இல் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே, ‘கோல்ட்ஃபிங்கர்’ காரைப் போலக் கருவிகள் பொருத்திய டிபி5 கார்கள் 25ஐ விற்பனைக்குச் செய்தது. விலை வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு. பொதுச்சாலையில் ஓட்டவும் முடியாது. அதில் இருக்கையும் பறக்காது. 1965இன் பொம்மையில் பறக்கும்.

சண்டைக் கட்சியின் மூத்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தமிழில் பாண்ட் முதலில் வந்தது திரையில் மட்டுமில்லை. 1984இல் ராணி காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகனே ஜேம்ஸ் பாண்ட்தான். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் கடிகாரத்தின் பெயர் தெரியாது, காரின் நிறம் தெரியாது. கோணமும் நிழலும் ஓட்டமும்தான். “நாங்கள் அறிந்த பாண்ட் எதையும் விற்கவில்லை” என்கிறார்கள் அவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளுக்கு மூலமான இயான் ஃப்ளெமிங்கின் நாவல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வணிகப் பெயர்கள்: பென்ட்லி கார், ரோலெக்ஸ் கடிகாரம், மோர்லண்ட் சிகரெட். யாரிடமும் காசு வாங்காமல், ஒரு மனிதனின் குணத்தைக் காட்டத்தான் அவர் அவற்றைப் பயன்படுத்தினார். போருக்குப் பின் ரேஷனில் வாழ்ந்த பிரிட்டிஷ் வாசகனுக்கு அந்தப் பெயர்களே ஒரு கனவு. ஆக, சாமான் இல்லாத தூய பாண்ட் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நம் ஊர் உளவுப் படங்களில்தான் சாமான் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ 1966இல் வந்தது, ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970இல். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று ஊரே கொண்டாடியது. அவர் ஓட்டிய காரின் பொம்மை ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. அதனால் அந்தச் சண்டைகள் பாண்ட் சண்டைகளைவிடத் தூய்மையாகிவிட்டனவா என்று சண்டைக் கட்சியிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவர்களுடைய கோயில் விக்கிரகம் ஒன்று உண்டு. 1974இன் ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில், தாய்லாந்தின் ஒரு கால்வாய் மீது உடைந்த பாலத்தைத் தாண்டும் கார், காற்றிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுழன்று மறுகரையில் நான்கு சக்கரத்திலும் இறங்கும். ஒரே முயற்சியில் எடுத்தது. வண்டியின் எடை, வேகம், சாய்தளத்தின் முறுக்கு எல்லாம் கணினியில் கணக்கிடப்பட்டவை. திரைப்படச் சாகசம் ஒன்றுக்குக் கணினிக் கணக்கு இந்த அளவுக்குப் பயன்பட்டது அந்தக் காலத்தில் புதுமை. தூய சாகசத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள்.

ஆனால் அந்த வண்டி அமெரிக்காவின் ஏ.எம்.சி. ஹார்னெட். அந்த நிறுவனத்துக்கும் படத்துக்கும் ஒப்பந்தம் இருந்தது. பாண்ட் அந்தக் காரை எடுப்பதே பாங்காக்கில் அந்த நிறுவனத்தின் ஷோரூம் கண்ணாடியை உடைத்துக்கொண்டுதான். சுழல் தாவலும் படத்துக்காகப் புதிதாகப் பிறந்ததில்லை. 1972இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், அதே நிறுவனத்தின் கார்களை வைத்து நடந்த சாகசக் காட்சியில் மக்கள் பார்த்துவிட்ட வித்தை அது. அதாவது, சண்டைக் கட்சி கும்பிடும் தாவலே ஒரு விளம்பரத்தின் வயிற்றில் பிறந்தது. அந்தக் காட்சியைக் கெடுத்தது எது என்று கேட்டால் இரு கட்சியும் ஒரே குரலில் சொல்லும்: கார் சுழலும் நேரத்தில் சேர்த்த அந்த விசில் சத்தம். உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலைக்குக் கோமாளி ஒலி வைத்தவர்களை மன்னிக்க எனக்கும் மனம் வரவில்லை.

மலைக்காரர்கள் தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ள இடம் ஒன்று உண்டென்றால் அது கார் துரத்தல். பர்லியாறிலிருந்து குன்னூருக்கு ஏறி இறங்கிப் பிழைப்பவர்களுக்குக் கொண்டைஊசி வளைவின் இலக்கணம் தெரியும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரைவிட்டு மாறக்கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் ஓரம் கட்ட வேண்டும். இதில் ஒன்றைக்கூடப் பாண்ட் பின்பற்றுவதில்லை. ‘கோல்டன் ஐ’ தொடக்கத்தில், மொனாக்கோ மேலுள்ள மலைச்சாலையில் டிபி5 காரும் ஃபெராரியும் வளைவுகளில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு இறங்குவதைப் பார்த்த குன்னூர் ஓட்டுநர் ஒருவர் சொன்னது: “இரண்டு பேருக்கும் லைசென்ஸ் எடுத்துக்கொடுத்தவரைப் பிடிக்க வேண்டும்.”

ஆனால் அவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் துரத்தல் ஒன்று இருக்கிறது. 1981இன் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’. பாண்டின் லோட்டஸ் தொடக்கத்திலேயே வெடித்துச் சிதறிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு மஞ்சள் நிற சிட்ரோயன் 2சிவி. பிரெஞ்சுக் குடியானவனுக்காக, உழுத வயலில் ஓட்டினாலும் கூடை முட்டை உடையக்கூடாது என்ற எண்ணத்தோடு வடிவமைத்த வண்டி. 602 சிசி, இரண்டு சிலிண்டர். துரத்துபவர்களிடம் இருப்பதோ பெரிய பெஜோ 504 கார்கள். ரெமி ஜூலியன் அமைத்த அந்தத் துரத்தலில் சிறிய வண்டி சாலையைவிட்டு ஆலிவ் தோப்புச் சரிவில் இறங்குகிறது, கவிழ்கிறது, ஊரார் தூக்கி நிமிர்த்துகிறார்கள், மறுபடி ஓடுகிறது.

இது ஏன் மலையில் பிடிக்கிறது என்பதற்கு விளக்கம் எளிது. குறுகிய வளைவில் இஞ்சின் பலம் அரைப்பங்குதான் உதவும். எடை குறைந்த, நீளம் குறைந்த வண்டி ஒரே வெட்டில் திரும்பும். பெரியது பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வர வேண்டும். மாருதி 800ஐ வைத்துக் கோத்தகிரிச் சாலையில் பெரிய வண்டிகளை ஓரம்கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கவிழ்ந்த வண்டியை நான்கு பேர் கையால் நிமிர்த்துவதும் கதை இல்லை. எஸ்டேட் சாலையில் நடப்பதுதான். பாண்டின் துரத்தல்களில் வண்டியின் பலவீனமே சண்டையின் சூத்திரமாக ஆனது இதைப் போல் வேறெதிலும் இல்லை என்பது என் எண்ணம். உண்மையில் படத்துக்காக அந்த வண்டிகளில் சிட்ரோயன் ஜிஎஸ் காரின் நான்கு சிலிண்டர் இஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். ஓட்டுநர்களிடம் இதைச் சொன்னபோது, “அதுதானே பார்த்தேன்” என்றார்கள், மதிப்பு குறையவில்லை.

இதற்கும் சாமான் உண்டு. சிட்ரோயன் நிறுவனம் 007 என்று எழுதிய மஞ்சள் 2சிவி சிறப்புப் பதிப்பை விற்றது, குண்டு துளைத்த ஓட்டை போல் தெரியும் ஸ்டிக்கர்களோடு. காரின் மேல் ஓட்டை ஸ்டிக்கர் ஒட்டி விற்பது கேலிக்கூத்துதான். ஆனாலும் வாங்கியவன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினான்: அடி வாங்கியும் ஓடிய வண்டியை.

பொருள் சும்மா நின்ற காட்சிகளுக்கு வருவோம். 1995இன் ‘கோல்டன் ஐ’யில் பிஎம்டபிள்யூ இசட்3 வருகிறது. முன்விளக்குக்குப் பின்னால் ஏவுகணை இருப்பதாகக் கருவிக்கூடத்தில் பெருமையடிக்கிறார்கள். படம் முடியும்வரை அது எதையும் சுடுவதில்லை. ஒரு சாலையில் போகிறது, வருகிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் அந்தக் கார் கொள்ளையாக விற்றது; என் வாதத்துக்கு இது ஒரு முள். வியாபாரத்துக்கு வெறும் தோற்றமே போதும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தின் ரசிகர்கள் இன்றும் பேசுவது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருவில் பாண்ட் ஓட்டும் டாங்கியைப் பற்றித்தான். அந்த டாங்கி, ‘பெரியே’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தண்ணீர் ஏற்றிய லாரி ஒன்றைப் பிளந்துகொண்டு போகும். அதுவும் விளம்பரம்தான், ஆனால் லாரி நொறுங்குகிறதே, யாருக்கும் உறுத்தவில்லை.

2006இன் ‘கேசினோ ராயல்’ ஒன்றுக்குள்ளேயே இரண்டு வகையும் இருக்கின்றன. பஹாமாஸில் பாண்ட் வாடகைக்கு எடுத்த ஃபோர்டு மாண்டியோவில் வந்து இறங்கும் காட்சியைப் பார்த்தால், நடுவில் விளம்பர இடைவேளை விட்டார்களோ என்று தோன்றும். ரயிலில் நாயகி அவன் மணிக்கட்டைப் பார்த்து ரோலெக்ஸா என்று கேட்க, அவன் ஒமேகா என்று திருத்துவது இன்னும் மோசம். அதே படத்தில்தான் ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் ஏழு முறை உருண்டு கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. முதலில் சாய்தளத்தில் ஏற்றி உருட்டப் பார்த்தார்கள்; வண்டி நிலையாக நின்று அடம்பிடித்தது. கடைசியில் அடியில் காற்றழுத்த பீரங்கி ஒன்றைப் பொருத்தி வெடித்துத்தான் புரட்ட முடிந்தது. இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கார் நிறுவனம் எழுதிவிட முடியும்?

பணம் வரும் வழியையும் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவனங்கள் தயாரிப்பாளர் கையில் பெட்டி பெட்டியாகக் காசு கொடுக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வண்டிகளை இலவசமாகக் கொடுப்பதும், தங்கள் சொந்த விளம்பரத்தில் படத்தைச் சேர்த்துச் செலவு செய்வதும்தான் ஏற்பாடு. படத்துக்கு மிச்சமாவது விளம்பரச் செலவும், உடைப்பதற்கான கார்களும். உடைக்கக் கார் இல்லாமல் சண்டைக் கட்சிக்குத் திருவிழா ஏது? இந்த ஏற்பாட்டின் பலவீனம் காலம். 2020 ஏப்ரலில் வர வேண்டிய ‘நோ டைம் டு டை’ கொரோனாவால் தள்ளித் தள்ளி 2021 செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. படத்தோடு சேர்த்து 2020 மார்ச்சில் அறிவித்த நோக்கியா போன் அதற்குள் பழசாகிவிட்டது.

கணினி வரைகலைச் சண்டையை இரு கட்சியும் வெறுப்பதை நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் அதில் வாதமே இல்லை. 2002இன் ‘டை அனதர் டே’யில் பனிப்பாறை சரிந்து எழுந்த அலையில் பாண்ட் சறுக்கும் காட்சிக்குக் குன்னூரில் ஒரு வக்கீல்கூடக் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கார் வந்ததும் அதே படத்தில்தான். தெரியாத காரை எப்படிப் பொம்மையாக விற்பது என்று பொம்மை சேர்ப்பவர் கேட்டார். நியாயமான கேள்வி.

இந்தியர்களுக்கு நெருக்கமான ‘ஆக்டோபஸி’ 1983இல் வந்தது. உதய்ப்பூர்த் தெருவில் ஆட்டோ துரத்தல். ஓட்டுபவர் நம் சென்னையின் விஜய் அமிர்தராஜ், கையில் டென்னிஸ் மட்டையோடு. ஊட்டிக்காரர்கள் அதே படத்தின் ரயில் கூரைச் சண்டையைத்தான் அதிகம் பேசுவார்கள், நம்மிடமும் புகழ்பெற்ற ஒரு ரயில் கூரை இருப்பதால். 1998இல் ‘தில் சே’ பாட்டுக்காக ஆடியது நீலகிரி மலை ரயிலின் மேல்தான். 12க்கு 1 என்ற ஏற்றத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்த ரயிலில் கூரைச் சண்டை வைத்தால், வில்லன் இறங்கி, டீ குடித்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்ளலாம். வேகமான ரயிலில் அது விளையாட்டில்லை. ‘ஆக்டோபஸி’ படப்பிடிப்பில் சண்டைக் கலைஞர் மார்ட்டின் கிரேஸ், ஒத்திகை பார்த்த தூரத்தைத் தாண்டி ரயில் போய்விட்டதால், பாதையோரக் கட்டுமானத்தில் மோதிப் படுகாயம் அடைந்தார். நிஜச் சண்டை வேண்டும் என்று டீக்கடையில் முழங்குகிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பொம்மையும் கடிகாரமும் போக மூன்றாவதாக ஒரு சரக்கு உண்டு: இடம். ‘கோல்டன் ஐ’யில் சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணையிலிருந்து 220 மீட்டர் கீழே குதித்தார்கள், இன்று காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அங்கே கயிறு கட்டிக் குதிக்கலாம். ‘கோல்டன் கன்’ எடுத்த தாய்லாந்துத் தீவை ஜேம்ஸ் பாண்ட் தீவு என்றே படகுக்காரர்கள் கூவி அழைக்கிறார்கள். கூட்டம் மிகுந்ததால் அங்குள்ள ஒற்றைப் பாறைக்கு அருகே படகு போக 1998இல் தடை போட்டார்கள்.

பழனி மலைக்காரர்களுக்கு இது பழகிய கதை. கொடைக்கானலில் பிசாசின் சமையலறை என்று வெள்ளையர்கள் பெயர் வைத்திருந்த பாறைப் பிளவு, 1991இல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பின் குணா குகையாகிவிட்டது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்ததும் கூட்டம் மறுபடி அலைமோதியது. அந்தப் படம் சொல்வதே அந்தப் பிளவுக்குள் விழுந்த ஒருவனைப் பற்றித்தான். கம்பிவேலிக்கு வெளியே நின்று படமெடுத்துக்கொள்ளப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பொம்மைக்கு விலை கொடுப்பவன் வாங்குகிறவன். இடத்துக்கு விலை கொடுப்பது அங்கே குடியிருப்பவன்: வாகன நெரிசல், தண்ணீர்த் தட்டுப்பாடு, குப்பை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

இவ்வளவுக்கும் பிறகும், அடுத்த பாண்ட் படத்தின் துரத்தலை ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டி மலைச்சாலையில் எடுக்க வேண்டும் என்பது இரு கட்சியின் கூட்டுக் கனவு. 36 கொண்டைஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், கீழே மசினகுடி. காட்சி நன்றாகத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியூர்ப் பதிவெண் வண்டிகள் அந்தச் சாலையில் இறங்க அனுமதி இல்லை. பாண்டுக்கும் வில்லனுக்கும் நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் வேண்டும். அப்படியே இறங்கி, தெப்பக்காட்டைக் கடந்து மைசூருக்குத் தப்பலாம் என்று வில்லன் நினைத்தாலும் இரவு ஒன்பது மணிக்குள் பந்திப்பூர் புலிகள் காப்பக எல்லையைத் தாண்டியாக வேண்டும். அதற்குப் பின் காலை ஆறு மணிவரை அந்தக் கேட் திறக்காது.